கடலில் இருக்கும் மகனுக்கு

மரியே வாழ்க!

தூத்துக்குடி,
18-8-2025

அன்பு மகனுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அம்மாவும், அக்கா வீட்டிலும், உன் வீட்டிலும் மாதா புண்ணியத்தில் எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு மறு கடிதம் எதிர்பார்க்கிறேன் என்று எழுதுவதுதான் வழக்கம். நீ கடிதம் எழுத மாட்டாய், தெரியும். போனிலாவது பேசு. "நல்லாருக்கேன்ப்பா, சாப்பிட்டாச்சு, அம்மா எங்க, சரி வைக்கேன்" என்பதை நான் பேச்சில் சேர்க்கவில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். மேலத்தெருப் பையன் சிங்கப்பூரில் உங்கள் கப்பலில் ஏறப்போகிறானாமே. அவன் அப்பா வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டத்தில் சொன்னார். அவன் கையில் இந்தக் கடிதத்தையும் இரண்டு டப்பா மக்ரூனையும் கொடுத்துவிடுகிறோம். அம்மா நெய்மீன் கருவாடும் கட்டி வைத்திருந்தாள், நான்தான் எடுத்து வைத்துவிட்டேன். அவள் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திருவிழா நல்லபடியாக நடந்தது. கொடியேற்றத்துக்கு உன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். சப்பரம் வரும்போது வேட்டுச் சத்தத்துக்கு அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. அக்கா மகன் புதுநன்மை, அதுதான் முதல் நற்கருணை, வாங்கினான். நீ அனுப்பின பணத்தில்தான் வெள்ளைச் சட்டையும் செருப்பும் எடுத்தது. நீ புதுநன்மை வாங்கின அன்று எடுத்த படத்தை அக்கா எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். நீ கப்பலில் இரண்டாம் அதிகாரி, செகண்ட் மேட் ஆனபோது எடுத்த வெள்ளை யூனிபார்ம் படமும் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. நம் தெருவில் தோணிக்காரன் வீட்டிலிருந்து முதலில் அந்தச் சட்டையைப் போட்டவன் நீதான். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தப் படத்துக்குக் கீழேதான் நாற்காலியைப் போடுவேன். நீ கவனித்திருப்பாய்.

மருமகள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ பாட்டுக்கு அவளைக் கூப்பிட்டுச் சத்தம் போடாதே. அவள் ஒன்றும் சொல்லவில்லை. லீவில் வந்திருந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு மொட்டைமாடியில் ஆள் நடக்கிற சத்தம் கீழே படுத்திருக்கிறவனுக்குக் கேட்காதா? அந்த நேரம் கப்பலில் நீ முறைக்கு நிற்கிற வாட்ச் நேரம், உடம்புக்குப் பழகிப்போயிருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பினதாகத்தான் தலையாட்டினாள்.

மகனே, தூங்கு. வாட்ச் முடிந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு செய்தி பார்க்காதே. கட்டிலுக்குப் போ. இங்கேயும் அப்படித்தான், அம்மா டிவியில் செய்தி வைத்தால் நான் மாற்றிவிடுகிறேன், நான் வைத்தால் அவள் மாற்றிவிடுகிறாள். ஜூலையில் செங்கடலில் ஏமன் ஹூத்திக்காரர்கள் அடித்து அந்த இரண்டு கப்பலும் அடுத்தடுத்து முங்கின வாரம் எங்கள் இரண்டு பேருக்கும் டிவியே வேண்டாம் என்று ஆகிவிட்டது. மேஜிக் சீஸ் கப்பல் ஆட்கள் எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்று கேட்டதும் மெழுகுவர்த்தி ஏற்றினோம். எடர்னிட்டி சி சேதி அப்படி வரவில்லை. அன்றைக்கு நீ கூப்பிட்டபோது நீயும் அதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மா புளிக்குழம்பு வைத்ததைப் பற்றி உன்னிடம் அவ்வளவு நேரம் பேசினாளே, எதற்கு என்று நினைத்தாய்?

உன் கப்பல் எந்த வழி போகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். ஆனால் அக்கா மகன் என் போனில் கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுத் தந்திருக்கிறான். சிங்கப்பூரிலிருந்து மேற்கே வந்து இந்தியப் பெருங்கடலில் திரும்பும்போது, தெற்கே இறங்கி ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகிறதா, ஏடன் பக்கம் மேலே ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். போன தடவை கப்பல் தெற்கே இறங்கின அன்று அம்மாவிடம் வந்து, "கேப் சுத்திப் போறான்" என்றேன். சுற்றிப் போனால் பத்துப் பதினைந்து நாள் கூடுமே என்று அவள் கேட்கவில்லை. கோவிலுக்குப் போய்விட்டு வந்துவிட்டாள்.

2023-ஐ நினைத்துப் பார்க்கிறேன். தங்கத்தேர் இழுத்த வருஷம். நீ வடம் பிடித்து, கையெல்லாம் தோல் உரிந்து வந்தாய். அடுத்த மாதம் கப்பல் ஏறினாய். நவம்பரில் கேலக்சி லீடர் கப்பலை அந்த ஹூத்திக்காரர்கள் ஹெலிகாப்டரில் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். டிசம்பரில் உங்கள் கப்பல் செங்கடல் வாசலில் இருக்கிற அந்தக் குறுகலுக்குள் நுழைகிற நேரம் பார்த்து இங்கே மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கோரம்பள்ளம் குளம் உடைந்து தண்ணீர் ஊருக்குள் வந்துவிட்டது. கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் ஏறினபோது அம்மா முதலில் பரணில் ஏற்றினது மாதா சுரூபத்தையும் உன் சர்ட்டிபிகேட் பையையும்தான். கரண்ட் இல்லை, போன் இல்லை. நீ அங்கே எங்களைத் தேடிக்கொண்டிருக்கிறாய், நாங்கள் இங்கே உன்னை. டவர் வந்து முதல் போன் கிடைத்தபோது "அப்பா" என்றாய். அப்புறம் உன்னால் பேச முடியவில்லை. நான்தான், "எல்லாரும் நல்லாருக்கோம், மாதா காப்பாத்திட்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கப்பலை ஓட்டுகிற பிரிட்ஜில் வாட்சில் நின்றபோது தண்ணீருக்கு மேலே ஒரு வெளிச்சம் போனதைப் பற்றி நீ அப்புறம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். "ஒரு வெளிச்சம் போச்சுப்பா, அவ்வளவுதான்" என்றாய். நான் அதோடு விட்டிருக்கலாம். "பாத்தியா, மாதா உன்னைக் காப்பாத்தினா" என்றேன். அதற்கு நீ, "அடிபட்ட கப்பல்லயும் செபமாலை சொல்லியிருப்பாங்கல்லப்பா" என்று கேட்டாய்.

"அப்படிலாம் பேசக்கூடாது" என்று உன் வாயை அடைத்தேன். அதற்கப்புறம் நீ என்னிடம் கடவுளைப் பற்றிப் பேசவே இல்லை. பூசைக்கு வந்தாய், ஆனால் வெளியே வேப்பமரத்தடியில் நின்றாய். போகும்போது செபமாலையை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போனாய். மறந்துவிட்டாய் என்று அம்மா சொல்கிறாள். சட்டைப் பையில் வைத்திருந்ததை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போவதற்குப் பெயர் மறதியா?

நீ கேட்டது சரியான கேள்வி. 2024 மார்ச்சில் ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பலில் செத்த மூன்று பேரில் இரண்டு பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். உன்னோடு எத்தனை பிலிப்பைன்ஸ்காரர்கள் ஓடியிருக்கிறார்கள், அவர்கள் எப்படி வேண்டுவார்கள் என்று நீதான் எனக்குச் சொன்னாய், சாப்பாட்டு மேசைக்கு மேலே மாதா படம் ஒட்டி வைத்திருப்பார்கள் என்று. அந்தக் கப்பலிலும் அப்படி ஒரு படம் இருந்திருக்கும். "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்று அவர்களும் அவர்கள் பாஷையில் சொல்லியிருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு உன்னை மட்டும் மாதா காப்பாற்றினாள் என்று நான் சொன்னால், செத்தவனின் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? எனக்கு இதற்குப் பதில் தெரியாது. பங்குச் சாமியாரிடமும் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆண்டவரே சிலுவையில் கேட்டதுதானே என்றார். "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" பெரிய வெள்ளிக்கிழமை தோறும் முழங்காலில் நின்று கேட்கிற வார்த்தை. அவர் கேட்ட கேள்வியைத்தான் நீயும் கேட்டாய். உன்னைப் பேசக்கூடாது என்று சொல்ல நான் யார்?

இதைப் போனில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் தாள் எடுத்தேன். இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதுகிறதற்குள் இரண்டு தடவை தண்ணீர் குடித்துவிட்டேன்.

1992 நவம்பர் புயல் கதை. நீ அம்மா வயிற்றில் இருந்த சமயம். அந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பாய். மாலேக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு தோணி கிளம்புகிறது. மன்னார் வளைகுடாவில் வாடைக்கொண்டல் காற்று பிடிக்கிறது. பாய் கிழிகிறது. அப்பா செபமாலையைப் பாய்மரத்தில் சுற்றிக் கட்டி, மரத்தைப் பிடித்துக்கொண்டு ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடித்துக் கிருபை தயாபத்து மந்திரத்துக்கு வரும்போது காற்று இறங்குகிறது, தோணி மணப்பாட்டு மணலில் ஏறுகிறது. நீ புதுநன்மை வாங்கின அன்றும் எல்லோருக்கும் முன்னால் நான் சொன்ன கதை அது.

தோணி மணப்பாட்டில் ஏறினது உண்மை. செபம் நடந்ததும் உண்மை. சொன்னது நான் இல்லை.

சொன்னது உன் பெரிய தாத்தா. எனக்குப் பெரியப்பா, தோணியை ஓட்டுகிற தண்டல். சுக்கானை விலாவோடு அணைத்துக்கொண்டு நின்றார். பழைய செபம்தான் அவருக்கு வாயில் வரும். "பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க" என்று பாதி சொல்வார், "கயித்த விடாதல!" என்று கத்துவார், விட்ட இடத்திலிருந்து மீதியைச் சொல்வார். வெங்காய மூட்டையைக் கடலில் தள்ளச் சொல்வார், தண்ணீர் இறைக்கச் சொல்வார், திரும்ப அருள் நிறைந்தவளிடம் போவார். நான் பாய்மரத்துக்கு அடியில் கயிற்றுச் சுருளுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தேன். நான் வேண்டவில்லை. "நீ இருக்கியா, இல்லையா" என்று ஆண்டவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அந்த வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. வாயும் வரவில்லை, மனசும் வரவில்லை.

தோணி மணலில் தட்டி நின்றதும் ஊர் ஆட்கள் கயிறோடு ஓடி வந்தார்கள். மேட்டில் சிலுவைக் கோவில் மங்கலாகத் தெரிந்தது. பெரியப்பா இறங்கினதும் மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். யாரோ கொடுத்த பீடியை வாயில் வைத்தார். தீக்குச்சி கிழிக்க முடியவில்லை. கை அவ்வளவு நடுங்கியது. ஒன்றொன்றாகக் கீழே விழுந்துகொண்டே இருந்தது. நான் வாங்கிப் பற்ற வைத்தேன். "பயமா இருந்துச்சா பெரியப்பா" என்று கேட்டேன். "இப்பவும் இருக்குல" என்றார். "அதானே அவகிட்ட சொல்லிக்கிட்டே வந்தேன்."

வீட்டுக்கு வந்ததும் உன் ஆச்சி என்னைக் கட்டிக்கொண்டு, "செபமாலை சொன்னியாய்யா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த ஒரு ஆமாம்தான் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து நீ கேட்ட கதை ஆனது. பெரியப்பா இருந்தவரைக்கும் அதைத் திருத்தவில்லை. நான் கதை சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

அந்தப் புயலுக்கு அப்புறம் அந்தச் சீசன் முழுக்க நான் தோணி ஏறவில்லை. இடுப்பு வலி என்று ஊருக்குச் சொன்னேன். இடுப்பில் ஒன்றும் இல்லை. அளத்தில் உப்பு மூட்டை தூக்கினேன், இடுப்பு வலிக்காரன் தூக்குகிற மூட்டையா அது? அம்மா கழுத்துச் செயினை அடகு வைத்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ராத்திரி நான் எழுந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்ததும் தெரியும். இன்றைக்கு வரைக்கும் யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை.

அப்படி இருந்தவன்தான், உனக்கு ஏழு வயசில் இருட்டுக்குள் போகப் பயந்தபோது, "விசுவாசம் உள்ளவனுக்குப் பயம் எதுக்குல" என்று அதட்டினேன். அதை நீ பிடித்துக்கொண்டாய். பயம் வந்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம், விசுவாசம் இல்லையென்றால் செபமாலையைப் பையில் வைத்துக்கொள்ள நமக்கு என்ன யோக்கியதை என்று ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாய். நான் சொல்வது சரியா தப்பா, எனக்குத் தெரியாது. என் மனசுக்கு அப்படித்தான் படுகிறது.

எய்யா, பயம் பாவம் இல்லை. நம் ஆண்டவரே ஒலிவத் தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, இந்தக் கிண்ணம் என்னைவிட்டுப் போகட்டும் என்று கேட்டார். கூட வந்தவர்களைத் தூங்காமல் பக்கத்தில் இருங்கள் என்று கெஞ்சினார். "அச்சம் என்னை ஆட்கொள்ளும் நாளில், உம்மையே நான் நம்பியிருப்பேன்" என்று சங்கீதத்தில் இருக்கிறது. அச்சமே வராது என்று தாவீது சொல்லவில்லை. வருகிற நாளில் என்றுதான் சொல்கிறார். இத்தனை வருஷம் கோவிலில் வாசகம் வாசிக்கிறவன் நான், இந்த வரியில் நின்று யோசித்ததே இந்த ஜூலையில்தான்.

வேதத்தில் திருத்தூதர் பணி இருபத்தேழாம் அதிகாரம் உனக்குப் பிடிக்கும். சின்ன வயசில் நங்கூரம் எத்தனை, காற்று எந்தப் பக்கம் என்று என்னைக் குடைந்தெடுப்பாய். அதைத் திரும்ப வாசி. பவுல் முதலிலேயே, இந்தப் பயணம் வேண்டாம், ஆபத்து என்று சொல்கிறார். நூற்றுவர் தலைவன் மாலுமி பேச்சையும் கப்பல் முதலாளி பேச்சையும் கேட்டுக்கொண்டு கிளம்புகிறான். பதினாலு ராத்திரி கடலில் அலைக்கழிகிறார்கள். சரக்கை எறிகிறார்கள், பின்பக்கம் நாலு நங்கூரம் போட்டுவிட்டு விடியாதா என்று கிடக்கிறார்கள். வானதூதர் வந்து பவுலிடம் பேசினார்தான், ஆனால் காற்று அடங்கவில்லை. கப்பல் உடைந்துபோனது. 276 பேரும் பலகையைப் பிடித்துக்கொண்டும் நீந்தியும் கரைக்கு வந்தார்கள். அதற்கு முன்னால் பவுல் அவர்களைச் சாப்பிட வைத்தார். ரொட்டியை எடுத்து நன்றி சொல்லிப் பிட்டுச் சாப்பிட்டார், அதைப் பார்த்து மற்றவர்களும் சாப்பிட்டார்கள். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? போனில் பார்க்கும்போது கழுத்தெலும்பு தெரிகிறது. சாப்பிடு. தூங்கு.

ஒரு விஷயத்தைக் கவனி. வேண்டாம் என்று முதலில் சொன்ன பவுல் விசுவாசம் இல்லாதவர் இல்லை. கோவில் உச்சியிலிருந்து குதி, வானதூதர் தாங்குவார் என்று சொன்னது பிசாசு. ஆண்டவர் குதிக்கவில்லை. கடவுளைச் சோதிக்காதே என்றார். நம்புகிறவன் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டும் என்று வேதத்தில் எங்கேயும் இல்லை.

அந்த வழி போக மாட்டேன் என்று சொல்ல மாலுமிக்கு உரிமை உண்டு, யூனியன் ஒப்பந்தத்தில் இருக்கிறது, கம்பெனி செலவிலேயே ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று நீதானே சொன்னாய். சொன்னவன் முன்னே ஒரு தடவை, போகச் சம்மதமா என்று கேட்கிற அந்தப் பேப்பரில் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். அந்தப் பகுதிக்கு இரட்டைச் சம்பளம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாய். அந்த மாதம் வந்த பணத்தில்தான் மாடி கட்டினோம். அந்த மாடியில்தான் நீ ராத்திரி நடக்கிறாய்.

நாங்கள் உன்னிடம் பணம் கேட்டோமா? கேட்டிருப்போம். கேட்காமலும் கேட்கிற வழி இருக்கிறது, பெற்றவர்களுக்கு அது நன்றாக வரும். ஆனால் நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பணம் முதல் தேதிக்கு டாண் என்று வந்துவிடுகிறது, வார்த்தை ஒன்றும் வரவில்லை. பெற்ற அப்பாவிடம் பயமாக இருக்கிறது என்று சொல்ல உனக்கு என்ன? சொல்ல முடியாதபடி வளர்த்தவன் நான்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் வருத்தம் வருத்தம்தான்.

போன வாரம் பேங்குக்குப் போனேன். நீ கோபப்படாதே. வீட்டுக் கடனைப் பற்றிக் கேட்டேன். தவணைக் காலத்தை நீட்டினால் மாசம் கட்டுகிறது குறையும், வட்டி கூடுதலாகும், நீ வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். கூடினால் கூடட்டும். பழைய துறைமுகத்தில் தோணி ஏஜென்ட் ஒருவர் கணக்கு எழுத ஆள் கேட்கிறார். அப்பாவுக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. அம்மா தையல் மிஷினை எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாள். உனக்குக் கேப்டன் அந்தப் பேப்பரை நீட்டினால், எங்களை நினைத்து எழுதாதே. வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று எழுது. போகலாம் என்று உன் மனசு அமைதியாகச் சொன்னால் போ, அதற்கும் நாங்கள் வேண்டிக்கொள்கிறோம். எதை எழுதினாலும் நீ கோழை இல்லை, நம்பிக்கை இல்லாதவனும் இல்லை.

உனக்கு வேண்ட வரவில்லையென்றால் விடு. இதை அப்பாவா சொல்கிறார் என்று நினைப்பாய். முடக்குவாதக்காரனை நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அந்த இடத்தை எடுத்துப் பார். அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு ஆண்டவர் அவனிடம் பேசினார் என்று இருக்கிறது. கட்டிலில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசினதாக இல்லை. தூக்கினவர்களுடைய நம்பிக்கை. நான் பெரியப்பா சொன்ன செபத்தில் கரை சேர்ந்தவன். என் வாயிலிருந்து அன்றைக்கு வந்ததெல்லாம் வசவுதான், ஆனாலும் தோணியில் இருந்த எல்லோரையும் சேர்த்துத்தானே அவர் வேண்டினார். கொஞ்ச காலத்துக்கு உனக்கு அப்படி இருக்கட்டும். இங்கே தூக்குவதற்கு ஆள் இருக்கிறது. அம்மா இருக்கிறாள், தெரு அன்பியச் செபக் கூட்டத்தில் புதன்கிழமை தோறும் உன் பெயரைச் சொல்கிறார்கள். உன் மகள் ராத்திரி சிலுவை அடையாளம் போடும்போது நெற்றியையும் மூக்கையும்தான் தொடுகிறாள், ஆனால் உன் கப்பல் பெயரைச் சரியாகச் சொல்கிறாள்.

கப்பலில் பிலிப்பைன்ஸ் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து வேண்டினால் பக்கத்தில் போய் உட்கார். வாயைத் திறக்க வேண்டாம். துறைமுகத்தில் மாலுமிகளைப் பார்க்க வருகிற நம் திருச்சபை ஆட்கள், ஸ்டெல்லா மாரிஸ்காரர்கள், கப்பலுக்கு வந்தால் ஒளிந்துகொள்ளாதே. சிம் கார்டு வாங்குவதற்கு மட்டும் அவர்களைத் தேடாதே, சாமியார் இருந்தால் இந்தத் தூக்கம் வராத விஷயத்தைச் சொல். டாக்டரிடம் காட்டுவதும் தப்பில்லை. தூக்கத்துக்கு டாக்டரைப் பார்த்தால் லைசென்ஸில் எழுதிவிடுவார்கள் என்று பயப்படுகிறாயோ என்னவோ. எழுதினால் எழுதட்டும். தூங்காமல் பிரிட்ஜில் நிற்கிறவனை நம்பி அவ்வளவு பேர் கீழே படுத்திருக்கிறார்கள்.

செபமாலை இந்தக் கடிதத்தோடு வரவில்லை. அனுப்பலாம் என்று எடுத்தேன், அம்மா வேண்டாம் என்றாள். அவன் வந்து அவனே எடுக்கட்டும் என்றாள். அவள் சொன்னது சரி என்றுதான் படுகிறது. ஆணியிலேயே இருக்கிறது.

மருமகள் ஒன்றும் சொல்லவில்லை என்பதை மறக்காதே.

வியாழக்கிழமை கூப்பிடு. அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போக மாட்டோம், வீட்டில்தான் இருப்போம். அம்மாவிடம் முதலில் பேசு, அப்புறம் போனை என்னிடம் கொடுக்கச் சொல். நான் திண்ணைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். நீ பேசு. ஒன்றும் பேசத் தோன்றவில்லையென்றாலும் வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: மக்ரூன் டப்பாவில் ஒன்று உனக்கு, ஒன்று கப்பலில் எல்லோருக்கும். ஈரக்காற்று பட்டால் நமுத்துப்போகும், திறந்தால் அன்றைக்கே தீர்த்துவிடு. மேலத்தெருப் பையனுக்கு இது முதல் கப்பல். அவன் அம்மா வந்து ரொம்ப நேரம் அழுதுவிட்டுப் போனார்கள். ராத்திரி அவனை ஒரு எட்டுப் பார்த்துக்கொள்.